பெரியாஸ்பத்திரியும் தனியார் கூட்டும்: ஒப்பந்தத்தை மக்கள் படிக்கக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளை விரிவாக்கத் தேவைப்படும் பணத்தைத் தனியாரோடு கூட்டுச் சேர்ந்து திரட்டலாம் என்று ஒரு சாராரும், அப்படிச் செய்தால் ஏழைக்கு வைத்தியம் இல்லாமல் போகும் என்று மற்றொரு சாராரும் தங்கள் நாளிதழில் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். மதுரை மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இரண்டு தரப்பையும் கவனமாகப் படித்துவருகிறேன். கூட்டு நல்லதா கெட்டதா என்பதைத் தீர்மானிப்பது அந்த ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும் வரிகள். ஆனால் இரு தரப்பிலும் எவரும் அந்த வரிகளுக்குள் போகவில்லை. அதற்காகவே இக்கடிதம்.

முதலில் பணம் யாருடையது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி 2013-14 ஆம் ஆண்டில் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 64.2 சதவீதத்தை மக்கள் தங்கள் கையிலிருந்தே கொடுத்தார்கள். 2021-22 இல் அது 39.4 சதவீதமாகக் குறைந்தது. முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆயினும் அதே ஆண்டில் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து சுகாதாரத்துக்குச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.84 சதவீதம்; 2025 ஆம் ஆண்டுக்குள் 2.5 சதவீதம் என்று 2017 ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை இலக்கு வைத்திருந்தது. அரசு நிதிநிலையில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்று 2001 இல் அபுஜா நகரில் கூடி உறுதி சொன்ன ஆப்பிரிக்க நாடுகளிலும் பெரும்பாலானவை அந்த அளவை எட்டவில்லை. இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் வளரும் நாடுகள் தனியார் மூலதனத்தை நாடுகின்றன. ஆனால் தனியார் இன்று கொண்டுவரும் பணம் நன்கொடை இல்லை. அது வட்டியோடும் இலாபத்தோடும் திரும்பிப் போக வேண்டிய பணம். அதைத் திருப்பிக் கொடுக்கப்போகிறவர்கள் வரி கட்டும் மக்கள், இல்லையென்றால் கட்டிலில் கிடக்கும் நோயாளி. மூன்றாவதாக ஒருவர் கிடையாது. எத்தனை ஆண்டுகளில், எந்தக் கணக்கில், என்ன பணிக்காகத் திருப்பிக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே ஒரு கூட்டு ஊருக்குப் பயன்படுவதும் ஊரை அழுத்துவதும் அமைகிறது.

பயன்பட்டதற்குச் சான்று தேடி மதுரைக்காரர்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைக்குத் தலைமை வகித்து ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976 இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பணம் கட்டுவோரின் கட்டணத்தைக் கொண்டு பணம் கட்ட இயலாதவர்களுக்கும் அதே தரத்தில் அறுவை சிகிச்சை செய்யும் முறையை வளர்த்தெடுத்தது. அரசின் பார்வை இழப்புத் தடுப்புத் திட்டமும் அதே 1976 இல் தொடங்கியதுதான். 1994 இல் உலக வங்கிக் கடனுதவியுடன் தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் கண்புரை ஒழிப்புத் திட்டம் வந்தபோது, தொண்டு நிறுவனங்கள் செய்யும் அறுவை சிகிச்சை ஒவ்வொன்றுக்கும் அரசு ஒரு தொகையை மானியமாக வழங்கியது. உசிலம்பட்டியிலும் மேலூரிலும் கமுதியிலும் பள்ளிக்கூடங்களில் முகாம் நடக்கும். இடமும் சாப்பாடும் உள்ளூர்ச் சங்கங்கள் பார்த்துக்கொள்ளும். தேர்ந்தெடுக்கப்பட்ட முதியவர்களைப் பேருந்தில் மதுரைக்கு அழைத்துவந்து அறுவை முடித்து ஊரில் கொண்டுபோய் விடுவார்கள். அறுவைக்குப் பின் சோடாபுட்டிக் கண்ணாடியோடு காலம் தள்ளிய தலைமுறைக்கு அடுத்த தலைமுறை கண்ணுக்குள்ளேயே லென்சு பொருத்திக்கொண்டு நடந்தது. இறக்குமதியில் நூறு டாலர் அளவுக்கு விற்ற அந்த லென்சை, மதுரையிலேயே 1992 இல் தொடங்கப்பட்ட அரவிந்தின் லென்சு தயாரிப்பு நிறுவனமான ஆரோலேப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்ததுதான் அதற்குக் காரணம்.

இந்தக் கூட்டு ஏன் நிலைத்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டடம் எழுப்பும் பொறுப்பும், ஆட்கள் வராமல் போனால் ஏற்படும் நட்டமும் மருத்துவமனையைச் சேர்ந்தவை. வேலை முடிந்த பிறகு, முடிந்த வேலைக்கு மட்டும் அரசு பணம் கொடுத்தது. கட்டை அவிழ்த்த மறுநாள் அந்தப் பாட்டிக்குக் கண் தெரிகிறதா இல்லையா என்பதை எவரும் சோதித்துப் பார்த்துவிடலாம், ஏமாற்ற இடமில்லை. அதே சமயம், கண்புரையில் வெற்றி பெற்ற முறையை அப்படியே எல்லா நோய்க்கும் பொருத்திவிடலாம் என்று சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கண்புரை ஒரே அறுவையில் முடிகிற காரியம். சர்க்கரை நோயாளிக்கு முப்பது ஆண்டு மாத்திரை வேண்டும். காசநோயாளி மாதக்கணக்கில் இடைவிடாமல் மருந்து சாப்பிடுகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிரசவத்தில் எது எப்போது சிக்கலாகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. எண்ணிக் காட்ட முடியாத இத்தகைய பணிகளை ஒப்பந்தத்தில் எழுதுவது எளிதன்று.

குஜராத் இதை அனுபவத்தில் கண்டது. 2005 இல் தொடங்கிய சிரஞ்சீவித் திட்டத்தில் ஏழைப் பெண்களுக்குத் தனியார் மருத்துவர்கள் பிரசவம் பார்க்க அரசு மொத்தமாகத் தொகை பேசிக் கொடுத்தது. தொடக்கத்தில் நாடெங்கும் பாராட்டப்பட்ட அத்திட்டத்தை ஆராய்ந்து 2014 இல் வெளியான ஆய்வு, மருத்துவமனைப் பிரசவங்களின் எண்ணிக்கையில் அது குறிப்பிடத்தக்க மாற்றத்தை உண்டாக்கவில்லை என்று கூறியது. தமிழ்நாடு வேறு வழியில் போனது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை முறை வைத்து அமர்த்தி, இரவு பகல் எந்நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாட்டைச் செய்தது. இன்று நம் கிராமங்களில் வீட்டில் நடக்கும் பிரசவம் மிக அரிது.

தனியாரோடு அரசு எப்படிப் பேரம் பேச வேண்டும் என்பதற்கு என் தொழிலிலிருந்தே ஒன்றைச் சொல்ல வேண்டும். 1994 இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வருவதற்கு முன் மருந்துக் கொள்முதல் எப்படி இருந்தது என்பதை எங்கள் மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: ஒரே மாத்திரைக்கு இடத்துக்கு ஒரு விலை, கணக்கு மார்ச்சில் முடியும், மருந்து அதற்கு முன்பே முடிந்துவிடும். கழகம் வந்தபின் மாநிலம் முழுவதற்கும் ஒரே ஒப்பந்தப்புள்ளி, மாவட்டக் கிடங்கு, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகத்தைப் போல ஒரு பாஸ்புக், எந்தக் கம்பெனியின் மருந்து என்று ஆய்வகத்துக்கே தெரியாதபடி பெயரை மறைத்து அனுப்பும் தரப் பரிசோதனை என்று எல்லாம் ஒழுங்குக்கு வந்தன. மாத்திரை செய்பவர் தனியார்தான். அவர்களை அரசு விரட்டவில்லை. விலையைத் தெரிந்துகொண்டு, மொத்தமாக வாங்குகிறவர் என்ற பலத்தோடு, தரம் தவறினால் விலக்கிவைக்கும் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கியது. அட்டையில் ‘தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல’ என்று அச்சிடப்பட்டு வரும் மாத்திரைகளை வழங்கிய காலமெல்லாம் எனக்கு அதில் பெருமிதம் உண்டு. கேரளமும் இராஜஸ்தானும் பிற்பாடு இம்முறையைப் பின்பற்றித் தங்கள் கழகங்களை அமைத்தன. கூட்டுக்கு இதைவிட நல்ல முன்மாதிரியை நான் அறியேன். ஆனால் அரசு–தனியார் கூட்டு என்று பேசுகிறவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

காப்பீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இன்று கூட்டின் பெரும்பகுதி அதன் வழியாகவே நடக்கிறது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனத்தின் வழியாகத் தொடங்கியது, 2012 இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகப் பொதுத்துறை நிறுவனத்துக்கு மாறியது. 2018 இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து, இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. இதய அறுவைக்கு நிலத்தை அடமானம் வைத்த குடும்பங்களை அறிந்தவன் நான். இந்தக் காப்பீட்டு அட்டையின் அருமை எனக்குத் தெரியும். அரசு மருத்துவமனையில் செய்யும் சிகிச்சைக்கும் காப்பீட்டுத் தொகை வந்து சேர்வது இத்திட்டத்தின் மிக நல்ல அம்சம். பெரியாஸ்பத்திரிகள் அதனால் கருவிகள் வாங்க முடிகிறது. ஆனால் காப்பீடு முதன்மையாகப் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான் பணம் கொடுக்கிறது. மக்கள் கையிலிருந்து போகும் காசில் பெரும்பங்கு மருந்துக் கடையில்தான் செலவாகிறது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அன்றாடம் வாங்கும் மாத்திரைக்கு அட்டை உதவாது. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையமும், 2021 ஆகஸ்டு முதல் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவமும்தான் துணை. அறுவைக்குக் கொடுக்கும் பணத்தைப் பெருக்கிக்கொண்டே போய் இவற்றைச் சுருக்கினால், சிறுநீரகம் பழுதாகாமல் தடுக்க வேண்டிய காசில் டயாலிசிஸ் செய்துகொண்டிருப்போம்.

இப்போது எச்சரிக்கைக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்காவால் நாற்புறமும் சூழப்பட்ட லெசோத்தோ என்ற மலைநாட்டில் ஏறக்குறைய இருபது லட்சம் மக்கள் வாழ்கிறார்கள். தலைநகர் மசேருவில் பழுதடைந்து கிடந்த அரசு மருத்துவமனைக்கு மாற்றாகப் புதிய மருத்துவமனை ஒன்றைக் கட்டி, 18 ஆண்டுகள் நடத்தித் தருவதற்கு, தென்னாப்பிரிக்கத் தனியார் மருத்துவமனைக் குழுமம் ஒன்றின் தலைமையிலான கூட்டமைப்போடு 2008 இல் அந்நாட்டு அரசு ஒப்பந்தம் செய்தது. ஆலோசனை சொன்னது உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த பன்னாட்டு நிதிக் கழகம். 2011 அக்டோபரில் மருத்துவமனை திறக்கப்பட்டது. நியாயமாகச் சொன்னால், வேலை விரைவாக முடிந்தது. பழைய மருத்துவமனையோடு ஒப்பிடும்போது இறப்பு விகிதமும் குறைந்தது. இதை மறைத்துவிட்டு அந்த அனுபவத்தைச் சொல்வது நேர்மையாகாது.

ஆனால் நாட்டின் கணக்குப் புத்தகத்தில் நடந்தது வேறு. ஒப்பந்தத்தில் குறித்த எண்ணிக்கையைத் தாண்டி வரும் நோயாளிகளுக்கு அரசு கூடுதல் தொகை கட்ட வேண்டும். ஆண்டுக்கட்டணம் விலைவாசியோடு ஏறும். அரசு தவணை தவறினால் அதற்கும் வட்டி. நல்ல மருத்துவமனை என்று பெயர் வாங்கினால் கூட்டம் வரும் என்பதை எவரும் ஊகித்திருக்கலாம், வந்தது. நாட்டின் சுகாதார நிதியில் 51 சதவீதம் அந்த ஒரே மருத்துவமனைக்குப் போகிறது என்று 2014 இல் ஆக்ஸ்பாம் என்ற பன்னாட்டுத் தொண்டு அமைப்பு அறிக்கை வெளியிட்டது. உலக வங்கித் தரப்பு அந்தக் கணக்கை ஏற்கவில்லை. ஆனால் பங்கு மிகப் பெரிது என்பதில் சர்ச்சை இல்லை. மக்களில் பெரும்பாலோர் வாழ்வதோ மலைக்கிராமங்களில். அங்குள்ள சிறு நிலையங்களுக்குப் போக வேண்டிய பணம் தலைநகரில் கரைந்தது. அரசு மருத்துவமனைச் செவிலியர்களுக்கு நிகரான ஊதியம் கேட்டு 2021 இல் அங்கிருந்த செவிலியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பலர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அதே ஆண்டில் ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே அரசு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. தரகு வாங்கிய அரசியல்வாதியோ போலி மருத்துவரோ இதில் தேவைப்படவில்லை. பேரம் பேசிய இருவரில் ஒருவருக்கு ஒப்பந்தம் எழுதத் தெரிந்திருந்தது, மற்றவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வளர்ந்த நாடு என்பதால் பிரிட்டனும் தப்பவில்லை. தனியார் பணத்தில் மருத்துவமனை கட்டி ஆண்டுத் தவணை கட்டும் முறையை 1992 இல் கொண்டுவந்த அந்நாடு, இனிப் புதிதாக இத்தகைய ஒப்பந்தம் போடமாட்டோம் என்று 2018 இல் அறிவித்தது. அந்த ஆண்டு ஜனவரியில் ஒரு பெரிய கட்டுமானக் கம்பெனி நொடித்தபோது லிவர்பூலிலும் பர்மிங்காம் அருகிலும் இரண்டு மருத்துவமனைகள் அரைகுறையாக நின்றன. கடைசியில் பொறுப்பு அரசின் தலையில்தான் விழுந்தது.

நம் நாட்டில், தில்லியில் நடந்ததை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1988 இல் செய்த ஒப்பந்தப்படி அரசு தன் நிலத்தை அடையாள வாடகைக்குக் கொடுத்து, மூலதனத்தில் 26 சதவீதமும் போட்டது. பதிலுக்கு அங்கு அமைந்த பெரிய தனியார் மருத்துவமனை தன் படுக்கைகளில் மூன்றில் ஒரு பங்கை ஏழைகளுக்கு இலவசமாக வழங்க வேண்டும். படுக்கை இலவசம் சரி, மருந்தும் ஊசியும் அறுவைக்கான பொருட்களும் அதில் சேருமா என்பது வழக்காயிற்று. சேரும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2009 இல் தீர்ப்பளித்தது. இடையில் கழிந்தவை இருபது ஆண்டுகள். மருந்துச் சீட்டின் விலை என்ன என்று தெரிந்த ஒருவரை ஒப்பந்தம் எழுதும் மேசையில் உட்காரவைத்திருந்தால் இந்த ஐயம் முதல் நாளே தீர்ந்திருக்கும்.

கூட்டே கூடாது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2000 இல் அரசுகளும் தனியார் அறக்கட்டளையும் தடுப்பூசி நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கிய கவி கூட்டணி, ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி குறைந்த விலையில் கிடைக்க வழிசெய்தது. நிமோனியாத் தடுப்பூசியை இவ்வளவு விலைக்கு இவ்வளவு வாங்குவோம் என்று 2009 இல் 150 கோடி டாலர் முன்னுறுதி கொடுத்ததும் அத்தகைய ஏற்பாடே. தடுப்பூசி வந்து சேர்ந்தால்தான் பணம். அதே தடுப்பூசியை நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் குழந்தைகளுக்கு இன்று இலவசமாகப் போடுகிறார்கள். 2008 முதல் நம் சாலைகளில் ஓடும் 108 ஆம்புலன்சும் கூட்டுமுறையில் நடப்பதே. அது இல்லாத நான்குவழிச் சாலையை நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. ஆனால் அதில் உயிரைக் காக்கும் ஓட்டுநர்களும் மருத்துவ உதவியாளர்களும் ஊதியத்துக்கும் பணிநேரத்துக்கும் எத்தனையோ முறை போராட வேண்டியிருந்தது. தொழிலாளரின் ஊதியத்தில் மிச்சம் பிடிப்பதைத் திறமை என்று கணக்கெழுதும் எந்தக் கூட்டையும் நான் ஆதரிக்கமாட்டேன்.

மதுரை அருகே தோப்பூரில் அமையும் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டியதும், அதன் முதல் மாணவர்கள் 2022 இல் இராமநாதபுரத்தில் படிக்கத் தொடங்கியதும், கட்டுமானம் பல ஆண்டு தாமதித்ததும் நம் மக்களைச் சோர்வடையச் செய்திருக்கின்றன. ‘தனியாரிடம் கொடுத்திருந்தால் எப்போதோ முடிந்திருக்கும்’ என்ற பேச்சு டீக்கடை முதல் ஆட்சியர் அலுவலகம் வரை கேட்கிறது. வேகம் தனியாரின் உண்மையான பலம்; லெசோத்தோவிலும் அதைக் கண்டோம். ஆயினும் எய்ம்ஸுக்கும் மதுரைப் பெரியாஸ்பத்திரியான அரசு இராசாசி மருத்துவமனையின் புதிய கட்டடத்துக்கும் ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமை கொடுத்திருப்பது குறைந்த வட்டிக் கடன். தனியார் கம்பெனி சந்தையில் வாங்கும் கடனுக்கு வட்டி அதிகம். அதன்மேல் பங்குதாரரின் இலாபமும் சேரும். ஆகவே தாமதத்துக்கு மருந்து, தாமதித்த அதிகாரிகளையும் துறைகளையும் கேள்வி கேட்பது. அதற்காக முப்பது ஆண்டுத் தவணையைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

மாவட்ட மருத்துவமனைகளின் ஒரு பகுதியைத் தனியாருக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விடும் யோசனையை 2017 இல் மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் முன்வைத்ததிலிருந்து, இந்தக் கேள்வி எந்த மாவட்டத்தின் வாசலுக்கும் வரக்கூடிய ஒன்றாகிவிட்டது. மதுரைக்கு அது வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை மாவட்ட நிர்வாகமும், நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களும் இப்போதே முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

டயாலிசிஸ், ஸ்கேன், ஆய்வகப் பரிசோதனை போல எண்ணிக் கொடுக்கக்கூடிய பணிகளை, முடிந்த பணிக்குப் பணம் என்ற முறையில், மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்கு மட்டும் பேசலாம். அப்போதும் அதே பணியை அரசு தன் கையில் ஓர் இடத்திலாவது நடத்திக்கொண்டிருக்க வேண்டும். மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் நடத்தும் ஸ்கேன் மையங்கள் இருப்பதால்தான், ஸ்கேனுக்கு எவ்வளவு வாங்கினால் கட்டுப்படியாகும் என்பது அரசுக்குத் தெரிகிறது. அவசர சிகிச்சை, பிரசவம், காசநோய், புறநோயாளிப் பிரிவு ஆகியவற்றையோ ஒரு மருத்துவமனை முழுவதையுமோ எவரிடமும் ஒப்படைக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

எந்தக் கூட்டாயினும், கையெழுத்திடுவதற்கு முன் ஒப்பந்த வரைவைத் தமிழில் வெளியிட வேண்டும். வணிக இரகசியம் என்று சொல்லி ஒரு வரியையும் மறைக்கக் கூடாது. 1998 ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தையும் 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் வைத்திருக்கும் மாநிலத்தில் இது பெரிய கோரிக்கை அன்று. நோயாளி கூடினால் யார் எவ்வளவு கட்டுவது, மருந்து எதில் சேரும், செவிலியருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் என்ன ஊதியம், கம்பெனி நொடித்தால் கட்டடமும் கருவியும் யாருக்கு, அரசு விலக விரும்பினால் எத்தனை நாளில் என்ன தொகையில் விலகலாம் என்பவை அதில் எண்களாக இருக்க வேண்டும். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அந்தக் கணக்குகளைத் தணிக்கை செய்ய வழி வைக்க வேண்டும். வரைவு வெளியான பிறகு நடக்கும் கிராம சபைக் கூட்டங்களில் அதைப் படித்துக் காட்டி, உசிலம்பட்டி, பேரையூர், வாடிப்பட்டி மக்கள் கேட்கும் கேள்விகளுக்கு மருத்துவத் துறை இணை இயக்குநர் எழுத்தில் பதில் தர வேண்டும். ஒப்பந்தம் எழுதும் குழுவில் ஒரு மருந்தாளுநரையும், ஒரு செவிலியரையும், ஒரு கணக்கு அலுவலரையும் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

இக்கடிதத்தைத் தங்கள் நாளிதழில் வெளியிட்டு, மாவட்ட ஆட்சியர், மருத்துவமனை முதல்வர் ஆகியோரின் விளக்கத்தையும் கேட்டு வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.